அடியில் எழுதிய தேதி

ஜூன் 9, ஞாயிறு

பாத்ரூமில் தண்ணீர் இறங்காமல் நாலு நாள். இன்று பிளம்பர் வந்து தண்ணீர் போகிற ஓட்டையின் ஜாலியைக் கழற்றி, கையை முழங்கை வரை விட்டு இழுத்தான். வந்ததையெல்லாம் பழைய பேப்பரில் பரப்பிக் காட்டினான். ஷாம்பு பாக்கெட்டுகளின் கிழித்த மூலைகள் ஒரு கைப்பிடி. காது குடையும் பிளாஸ்டிக் குச்சிகள். ரேசரின் தலை ஒன்று. பேஸ்ட் மூடி இரண்டு. எல்லாவற்றையும் மகள் பிரபாவின் முடி கயிறு மாதிரி கட்டிப் பிடித்திருந்தது.

மேல்மாடிக்காரர்களுடையதாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் சந்தேகப்பட்டேன். என் புத்தி அப்படி. பேஸ்ட் மூடி எங்கள் வீட்டுப் பச்சைதான்.

சரி, இன்றே முடித்துவிடுவோம் என்று பாத்ரூம் பரணையும் இறக்கினேன். காலி பாட்டில்கள் பத்தொன்பது. எதற்காவது ஆகும் என்று நான்தான் வைத்திருக்கிறேன். எதற்கு? மூன்று பேர் குளிக்கிற வீடு. நாங்கள் என்ன யானையா குளிப்பாட்டுகிறோம்?

முடிவு செய்துவிட்டேன். இருப்பதைத் தீர்த்துவிட வேண்டியது, அதற்குப் பிறகு பாட்டில் வாங்கக் கூடாது. தலைக்கும் உடம்புக்கும் கட்டி சோப்பு. பல்லுக்குப் பொடி. இவருக்கு இரும்பு ரேசர், பிளேடு மட்டும் மாற்றுவது. ஒவ்வொரு பாட்டிலும் எத்தனை நாளில் தீர்கிறது என்று பார்க்க, திறக்கும் தேதியை அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் எழுதி வைக்கப் போகிறேன்.

இவரிடம் சொல்லத்தான் பயம். தாராவியில் 'நயினார் ஸ்டோர்ஸ்' என்று தன் பெயரிலேயே கடை வைத்திருக்கிறவர். சோப்பும் ஷாம்பும் விற்றுத்தான் இந்த செம்பூர் வீடு வந்தது. பெண்டாட்டியே ஷாம்பு வேண்டாம் என்றால்? பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"நல்லதுதான உமா, செய்யி" என்றார்.

அவ்வளவுதான். இருபத்தொரு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் இத்தனை சீக்கிரம் சரி சொன்னதில்லை.


ஜூன் 11

பிரபா கடைசி பாட்டிலைத் திறந்தாள். அடியில் "ஜூன் 11" என்று எழுதிக் கொடுத்தேன். "மம்மி, இது முடிஞ்சதும் நான் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன். சோப்பைத் தலைக்குப் போட்டா முடி ஜாடு மாதிரி ஆயிடும்" என்றாள். துடைப்பத்தைத்தான் ஜாடு என்கிறாள். மாட்டுங்காவில் காலேஜ். இங்கிருந்து நாலே ஸ்டேஷன். ஹாஸ்டலாம்.


ஜூன் 16, ஞாயிறு

மூங்கில் டூத் பிரஷ் வந்தது. பிளாஸ்டிக் உறைக்குள், அதற்குள் இன்னொரு பிளாஸ்டிக் உறைக்குள். "மண்ணில் மக்கும்" என்று அந்த உறையின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். பிரஷின் முடி நைலான் மாதிரிதான் இருக்கிறது. ஒன்றைப் பிடுங்கிக் கொளுத்திப் பார்த்தேன். உருகியது. யாரைத்தான் நம்புவது?

சோப்பு பரவாயில்லை. காகிதத்தில் சுற்றித் தருகிறார்கள். இரண்டு நாள் தலை பிசுக்காக இருந்தது, மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. பிரபாவிடம் சொல்லவில்லை. சொன்னால் போட மாட்டாள்.


ஜூன் 30, ஞாயிறு

பாட்டில்களையெல்லாம் உள்ளே கழுவி, பால்கனியில் கவிழ்த்துக் காயவைத்து, மூடி போட்டுச் சாக்கில் கட்டியிருந்தேன். ஜூன் 11 பாட்டிலையும் சேர்த்து இருபது. அதைத் தீர்க்கத்தான் பிரபா தினமும் தலைக்குக் குளித்தாள் என்று சந்தேகம்.

கலீலுல்லா பாய் வந்தார். பதினோரு வருஷமாக எங்கள் கட்டடத்துக்குப் பழைய சாமான் எடுக்க வருகிறவர். மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் பழைய பிளாஸ்டிக் பிரிக்கிற பதிமூணு கம்பவுண்டில் யாரோ சேட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறார். சாக்கைப் பிரித்துப் பார்த்தவர், பேப்பரோடு சேர்த்துப் போடாமல், பாட்டில்களை மட்டும் தனியாக ஒரு பையில் அடுக்கினார். முட்டையை அடுக்குவது மாதிரி.

"அது ஏன் பாய் தனியா?"

"அது வேற மாலு, தங்கச்சி."

எல்லாம் பழைய சரக்குதானே, அதில் என்ன வேற மாலு என்று கேட்டிருக்கலாம். பிளாஸ்டிக் வீட்டை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது எனக்கு.


ஜூலை 12

மழை. நான் வேலை பார்க்கிற தோல் கிளினிக்கில் பதினேழு பேர். உட்கார இடம் இல்லை. தலையில் கொப்புளத்தோடு வருகிறவர்களில் இந்த மாதம் இது மூன்றாவது ஆள். டாக்டர் ராஜலக்ஷ்மி என்னிடம், "இனிமே தலை எரியறதுன்னு யார் போன் பண்ணினாலும், என்ன ஷாம்பு போடறாளோ அந்த பாட்டிலையும் கொண்டுவரச் சொல்லு" என்றார். நான் வெறும் ரிசப்ஷன். ஆனாலும் எட்டு வருஷம் இங்கே உட்கார்ந்ததில் எது படை, எது சோரியாசிஸ் என்று தூரத்திலிருந்தே தெரியும். இது அப்படி இல்லை. வெந்தது மாதிரி இருக்கிறது.


ஜூலை 24, புதன்

எழுதவே கை வரமாட்டேன் என்கிறது.

பேராச்சி என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும். தாராவி. தோல் பட்டறையில் பை தைக்கிற வேலை. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வந்தாள். நடுவகிட்டின் இரண்டு பக்கமும் கொத்தாக முடி போயிருந்தது, தோல் சிவந்து பொருக்கு தட்டியிருந்தது. இரண்டே தடவைதான் போட்டாளாம். சொன்னபடி பாட்டிலைக் கொண்டுவந்திருந்தாள்.

பாட்டிலில் நோயாளியின் பெயர் எழுதி ஒட்டுவது என் வேலை. ஒட்டுவதற்காகக் கவிழ்த்தேன்.

அடியில் சிவப்பு நெயில் பாலிஷ். "ஜூன் 11". என் கையெழுத்து. என்னுடைய அந்தக் கோணல் 'ஜூ'.

மூடியைத் திறந்து முகர்ந்தேன். வாசனை கிட்டத்தட்ட அதே. கொஞ்சம் தரை கழுவுகிற மருந்து நெடி. பெயர் ஒட்டாமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. "யக்கா, என்னாச்சு?" என்று பேராச்சிதான் கேட்டாள். தலையில் அத்தனை புண்ணோடு அவள் என்னைக் கேட்கிறாள்.

நான் கழுவின பாட்டில். நான் காயவைத்த பாட்டில்.


ஜூலை 25

வேறு யார் கைக்குப் போனது? கலீலுல்லா கைக்குத்தான். முட்டை மாதிரி அடுக்கினாரே. "வேற மாலு." இப்போது புரிகிறது என்ன மாலு என்று.


ஜூலை 28, ஞாயிறு

எங்கள் கட்டட சொசைட்டி செக்ரட்டரி சங்கரன் மாமாவிடம் போய்ச் சொன்னேன். ரிசர்வ் பேங்க் உத்தியோகத்திலிருந்து ரிட்டயரானவர். எதையும் எழுத்தில் போட்டால்தான் அவருக்கு நிம்மதி. "நீங்க கவலைப்படாதீங்கோ, நான் பாத்துக்கறேன்" என்றார். ஒரு மணி நேரத்தில் லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ். வாட்ஸாப் குரூப்பிலும் போட்டாயிற்று: பழைய சாமான் எடுக்கும் கலீலுல்லா போலி ஷாம்பு தயாரிப்பதாகத் தெரிகிறது, இனி உள்ளே அனுமதி இல்லை.

தயாரிப்பதாக நான் சொல்லவில்லை. சொன்னேனா? பாட்டில் அவர் கையிலிருந்து போனது என்றுதான்... சொன்னது எனக்கே சரியாக நினைவில்லை.

பதினோரு மணிக்கு அவர் தராசோடு வந்தார். வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டான். நோட்டீஸை போனில் படித்துக் காட்டினான் போல. அவர் கட்டடத்தை ஒவ்வொரு மாடியாக அண்ணாந்து பார்த்தார். எங்கள் மூன்றாவது மாடி வருவதற்குள் நான் ஜன்னலிலிருந்து விலகிவிட்டேன்.


ஜூலை 31, புதன்

பேராச்சி மறுபடி வந்தாள். எரிச்சல் குறைந்திருக்கிறது. முடி வருமா என்று டாக்டரிடம் மூன்று தடவை கேட்டாளாம். வெளியே வந்ததும், சும்மா கேட்பது மாதிரி, எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டேன்.

"நம்ம அண்ணாச்சி கடைலதான்க்கா. நயினார் ஸ்டோர்ஸ்."

அவளுக்கு நான் யார் என்று தெரியாது.

சாயந்திரம் டாக்டர், "எந்தக் கடைன்னு கேட்டியா?" என்றார்.

"மறந்துபோச்சாம் டாக்டர்."

எட்டு வருஷத்தில் அந்த மேஜையில் உட்கார்ந்து நான் சொன்ன முதல் பொய்.


ஆகஸ்ட் 1

இவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஏஜென்ட் ஏமாற்றியிருக்கலாம். கடைக்காரனுக்கு எப்படித் தெரியும்? சீல் போட்டு வருகிறது, விற்கிறார். இவரும் ஏமாந்தவர்தான்.

அப்படியானால் ஏன் கேட்காமல் இருக்கிறேன்? நேற்று ராத்திரி சாப்பாடு போடும்போதும் இன்று காலை இட்லி வைக்கும்போதும் வாய் வரை வந்தது. இவர் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறார். எப்போதும் தட்டைப் பார்த்துத்தான் சாப்பிடுவார். இப்போது அதுவும் உறுத்துகிறது.


ஆகஸ்ட் 2

ஜூனில் ஏன் உடனே சரி என்றார்?

ஷாம்பு விற்கிறவர். "நல்லதுதான, செய்யி" என்றார். வீட்டுக்குக் கடைச் சரக்கு வர வேண்டாம் என்று இவர் சொல்லாமலே நின்றுபோனது. நான் பிளாஸ்டிக்கைக் குறைக்கிறேன் என்று குதித்துக்கொண்டிருந்தேன். இவருக்கு அது வசதியாகப் போயிற்றா?


ஆகஸ்ட் 3, சனி

அரை நாள் லீவ் போட்டுவிட்டுத் தாராவிக்குப் போனேன். கடைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். இவருக்கு ஆச்சரியம். எதிர்க் கடையிலிருந்து டீ வரவழைத்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். வியாபாரம் ஜோராக இருந்தது. சனிக்கிழமை, எல்லாரும் தலைக்கு ஊற்றுகிற நாள்.

டீயைக் குடித்துவிட்டு எழுந்து, ரேக்கிலிருந்து ஒரு ஷாம்பு பாட்டிலை எடுத்தேன். "பிரபா கேட்டுக்கிட்டே இருக்கா. ஒண்ணு எடுத்துட்டுப் போறேன்."

"அத எடுக்காத" என்றார்.

இவ்வளவு வேகமாக அவர் கை நீண்டு நான் பார்த்ததில்லை. பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி ரேக்கிலேயே வைத்தார். பிறகுதான் தான் செய்ததைப் பார்த்தார் போல. "அது பழைய ஸ்டாக்கு. உள்ளேருந்து வேற தாரேன்."

அதற்குள் ஒரு அம்மா வந்து அதே ஷாம்பு கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "இல்லம்மா, தீந்துபோச்சு" என்றார். அந்த அம்மா ரேக்கைக் காட்டி, "அந்தா இருக்கே" என்றாள்.

நான் நடந்து வந்துவிட்டேன். சயன் வரை நடந்தேன். மழை பெய்தது. குடை கைப்பைக்குள்ளேயே இருந்திருக்கிறது.


ஆகஸ்ட் 4, ஞாயிறு

கேட்டேன். காலையில், காப்பி குடித்து முடித்ததும். உள்ளதை உள்ளபடி எழுதி வைக்கிறேன், பிறகு நானே மாற்றி நினைத்துக்கொள்ளக் கூடாது.

"அந்த பாட்டில்ல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஷாம்புதான்."

"எந்த ஷாம்பு?"

"கம்பெனி ஏஜென்ட்டுட்ட வாங்கி வித்தா கட ஓடாது உமா. பக்கத்துக் கடக்காரன் கொறச்சி விக்கான். உல்லாஸ்நகர்லேருந்து ஒருத்தன் வெள்ள டெம்போல கொண்டாந்து போடுதான். நம்ம ரோட்டுல பாதிக் கடைக்கு அவந்தான். நான் ஒருத்தன் மட்டுமா?"

"அவன் எங்கேருந்து கொண்டாரான்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

காப்பி டம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "கேட்டா தெரிஞ்சுபோகும்லா."

"தெரியாமத்தான் வீட்டுக்குக் கொண்டுவரலியா? எம் பொண்ணு தலைக்கு ஆகாதது பேராச்சி தலைக்கு ஆகுமா?"

பேராச்சி யார் என்று அவருக்குத் தெரியவில்லை. சொன்னேன். பை தைக்கிறவள், சனிக்கிழமை வருவாளே, அவள். முகம் மாறிவிட்டது. அவளைத் தெரிகிறது. அவள் புருஷனையும் தெரிகிறது.

பிரபா எப்போது வந்து கதவோரம் நின்றாள் என்று தெரியாது. "பப்பா, ஆப்கோ பத்தா தா?" என்றாள். உங்களுக்குத் தெரிஞ்சிருந்ததா என்கிறாள். அவளுக்குப் பதற்றம் வந்தால் ஹிந்திதான் வரும். அவள் போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடைசியில் அவர் சொன்னது: "இருக்கிற ஸ்டாக்கத் தீத்துட்டு நிறுத்திருதேன். போதுமா?"

இருப்பதைத் தீர்த்துவிட வேண்டியது. ஜூனில் நான் சொன்ன அதே சொல்.

"ஒரு பாட்டில் கூட இனி விக்கக் கூடாது. எங்க டாக்டர்ட்ட நீங்களே வந்து சொல்லுங்க. எந்தக் கடைன்னு நான் மறைச்சி வச்சிருக்கேன். வியாழக்கிழமை வரைக்கும் பாப்பேன். வெள்ளிக்கிழமை நான் சொல்லிருவேன்."

"புருஷனக் காட்டிக்குடுப்பியா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.


ஆகஸ்ட் 6

கிளினிக் முடிந்ததும் பதிமூணு கம்பவுண்டுக்குப் போனேன். கலீலுல்லா பாயைத் தேடி. சந்து முழுக்க மூட்டைகள். இந்த ஊரின் பாத்ரூம்கள் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. மக், வாளி, பிரஷ், பாட்டில், மூடி, எல்லாம் நிறம் நிறமாகப் பிரித்து. ஒரு வீட்டின் இருபது பாட்டிலுக்கு நான் எவ்வளவு பெருமைப்பட்டேன்.

அவர் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து மூடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"நான் ஷாம்பு காச்சுதேன்னு போட்டீங்களாமே. வாட்ச்மேன் வாசிச்சுக் காட்டுனான். எங்க காச்சுதேன், இந்தா, பாருங்க."

பார்த்தேன். பத்துக்குப் பத்து இடம், தராசு, ஒரு தண்ணீர்க் குடம்.

"அப்ப ஏன் பாய் தனியா எடுத்து வச்சீங்க?"

"நசுங்குனதும் மூடி இல்லாததும் எடைக்குப் போகும். முழுசா, மூடியோட, லேபிள் கிழியாம இருந்தா ஒருத்தன் எண்ணி வாங்கிட்டுப் போவான். உல்லாஸ்நகர்க்காரன். வெள்ள டெம்போ. பினாயில் ஊத்துவான்னுதான் நெனச்சேன்."

"அவன்ட்ட கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? நீங்க மட்டும் எங்கிட்ட கேட்டீங்களா?" இன்னொரு மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, குரல் தணிந்து, "தங்கச்சி, அம்புட்டு சுத்தமாக் கழுவி, மூடி போட்டு, லேபிளு ஈரம் படாம இந்தத் தாராவிக்கே யாரும் தரமாட்டாங்க. உங்க சாக்கப் பாத்தா அவன் கண்ணு மின்னும். குத்திக் குடுங்க. பாட்டில நெடுக்க வகுந்து குடுங்க. எனக்கு எடைக்குத்தான் போகும். போகட்டும்" என்றார்.

தப்புச் செய்துவிட்டேன் என்றேன். இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை தலையை ஆட்டினார். டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்காதது சரிதான்.


ஆகஸ்ட் 8, வியாழன்

காலையில் சட்டை மாற்றிக்கொண்டார். கிளினிக்குக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கடைக்குப் போய்விட்டார்.


ஆகஸ்ட் 9, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

கடைசி நோயாளி போனதும் உள்ளே போய், உட்காராமலே சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் ஆத்துக்காரர் கடையா?" ஆமாம் என்றேன். போன வாரம் பொய் சொன்னதையும் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, "அரசாங்க மருந்து ஆபீஸுக்கு எழுதணும். உன் பேரைப் போடட்டுமா, வேண்டாமா?" என்றார்.

"போடுங்க டாக்டர்." ஏன் அப்படிச் சொன்னேன்? மொட்டைக் கடுதாசி என்றால் அந்த ரோட்டுக் கடைக்காரர்கள் ஒருத்தரையொருத்தர் சந்தேகப்படுவார்கள். இன்னொருத்தர் மேல் விழ வேண்டாம்.


ஆகஸ்ட் 14, புதன்

ஆபீஸர்கள் இரண்டு பேர் வந்து, ரேக்கிலிருந்து மாதிரி எடுத்து, உள்ளே இருந்த பெட்டிகளுக்கு சீல் வைத்திருக்கிறார்கள். விசாரணை முடியும் வரை கடை திறக்கக் கூடாது. நண்பகலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பாடு போட்டேன். சாப்பிட்டார்.

"நீதானே?"

"ஆமா."

கை கழுவப் போனார். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.


ஆகஸ்ட் 15

கொடியேற்றம். கீழே எல்லாரும் கூடியிருந்தார்கள். மிட்டாய் கொடுத்து முடிந்ததும் சங்கரன் மாமா, வேறு யாராவது பேசணுமா என்று வழக்கம்போல கேட்டார். வழக்கமாக யாரும் பேச மாட்டார்கள். நான் போய் மைக் பக்கத்தில் நின்றேன்.

கலீலுல்லா பாய் மேல் போட்ட நோட்டீஸ் தப்பு என்றேன். விசாரிக்காமல் நான்தான் சொன்னேன் என்றேன். அந்த ஷாம்பு விற்ற கடைகளில் ஒன்று என் வீட்டுக்காரருடையது என்றேன். பாட்டிலை முழுசாகக் கொடுக்காதீர்கள், வெட்டிக் கொடுங்கள் என்றேன். ஹிந்தியிலும் சொன்னேன். என் ஹிந்தி மோசம். யாரும் சிரிக்கவில்லை.

சங்கரன் மாமா தாழ்ந்த குரலில், "ஏம்மா, ஆத்து விஷயத்தை இங்கே எதுக்கு..." என்றார். பிறகு அவரே போய் நோட்டீஸைக் கிழித்தார். அதற்குப் பதிலாக இன்னொரு நோட்டீஸ் தட்டச்சு செய்ய வேண்டும் என்றார். எழுத்தில் போட்டால்தான் அவருக்கு நிம்மதி.

பிரபா லிஃப்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இவர் கீழே வரவே இல்லை.


ஆகஸ்ட் 19

பாத்ரூமில் இப்போது பிளாஸ்டிக் என்று பார்த்தால் வாளி ஒன்றுதான். சோப்பு, பல்பொடி டப்பா, இவருடைய இரும்பு ரேசர், எவர்சில்வர் சொம்பு. குப்பை வாரத்துக்கு ஒரு கைப்பிடி. ஜெயித்துவிட்டேன் என்று எழுத வேண்டிய நாள். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகப் பேசாமல் குளித்துவிட்டு வெளியே வருகிறோம்.


ஆகஸ்ட் 26

கடை பூட்டிக் கிடக்கிறது. ஆனால் ஒரு வாரமாக இவர் காலை பத்து மணிக்குத் துணிப்பையை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு போகிறார். ஒரு மணிக்கு வரும்போது பை நிரம்பியிருக்கிறது. கேட்டால், "சும்மா, ஒரு சோலி."

எங்கே போகிறார்?


ஆகஸ்ட் 29

அவர் வெளியே போனதும் பரணைப் பார்த்தேன். நான் சுத்தம் செய்து காலி பண்ணி வைத்திருந்த பரண். ஒரு சாக்கு நிறைய ஷாம்பு பாட்டில்கள். அதே ஷாம்பு. முப்பதுக்கு மேல்.

ஆனால் புதுசு இல்லை. சிலதில் பாதி இருக்கிறது, சிலதில் கால். ஒன்றின் கழுத்தில் யாரோ பிள்ளையின் ரப்பர் பேண்ட்.

சீல் வைக்காத சரக்கை ஒளிக்கிறாரா? சாட்சியை அழிக்கிறாரா? பாதி பாட்டிலை யாரிடமிருந்து வாங்குகிறார், எதற்கு? மறுபடி ஊற்றி நிரப்பவா? அந்த டெம்போக்காரனோடு இன்னும் சேர்த்திதானா? இந்த மனுஷனை நான் தெரிஞ்சுக்கவே இல்லியோ. டாக்டரிடம் சொல்லணுமா? இன்னொரு தடவையா?

அப்படியே வைத்துவிட்டு இறங்கினேன். கலீலுல்லா பாய் கேட்டது நினைவுக்கு வந்தது, நீங்க மட்டும் கேட்டீங்களா என்று. கேட்க வேண்டும். கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்டா தெரிஞ்சுபோகும்லா.


செப்டம்பர் 1, ஞாயிறு

கேட்கவில்லை.


செப்டம்பர் 4, புதன்

பேராச்சி வந்தாள். முந்தானை தலையில் இல்லை. வகிட்டின் ஓரத்தில் பூனை முடி முளைத்திருக்கிறது. டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்து, வேர் சாகவில்லை, வளரும் என்று சொன்னாராம். வெளியே வந்து என்னிடம் குனிந்து காட்டினாள். தொட்டுப் பார்த்தேன்.

"அண்ணாச்சிட்டயும் போயி சொல்லணும்" என்றாள்.

"எந்த அண்ணாச்சி?"

"கடக்கார அண்ணாச்சிதான்க்கா. மூணு தடவ வீட்டுக்கு வந்துட்டாக. மொதத் தடவ எங்க வீட்டுக்காரரு கைய ஓங்கிட்டுப் போயிட்டாரு. அடிச்சிருப்பாரு. அண்ணாச்சி நவுரல. 'அடிச்சிக்கோ, வேற பாட்டில் இருந்தா மட்டும் குடுத்துரு'ன்னாக. எங்க சந்துல ஒவ்வொரு வீடாப் போறாக. யார் யாரு வாங்குனாகன்னு அவுகளுக்குத்தான் முகம் தெரியுமே. போட்டுராதீங்கன்னு சொல்லி, பாட்டில வாங்கிட்டு, ஒரு சோப்புக் கட்டி குடுத்துட்டுப் போறாக."

ஃபைலை எடுக்கிற மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயந்திரம் டாக்டர் சொன்னார், ஆபீஸிலிருந்து போன் வந்ததாம். டெம்போவின் நம்பரையும் அந்த ஆள் வரும் கிழமையையும் கடைக்காரரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாராம். மற்ற கடைக்காரர்கள் யாரும் கொடுக்கவில்லையாம். "உனக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். ரசம் இன்னொரு கரண்டி ஊற்றினேன். வேண்டாம் என்று கையை நீட்டவில்லை.


செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று பிள்ளையார் வந்தாயிற்று. தெருவெல்லாம் தாஷா மேளச் சத்தம். பத்து மணிக்கு அவர் பையை மடித்துக்கொண்டு செருப்பு மாட்டினார். நானும் மாட்டினேன்.

"நீ எங்க?"

"பொம்பளைங்க தலைய நீங்க காட்டச் சொல்லிப் பாக்க முடியுமா? வெந்திருக்கா, வெறும் பொடுகான்னு உங்களுக்குத் தெரியுமா? நான் பாக்கேன்."

கதவில் சாவியைப் போட்டுக்கொண்டு நின்றார். "உனக்கு யாரு சொன்னா?" என்று கேட்கவில்லை. "வெயிலா இருக்கு, குட எடுத்துக்க" என்றார்.

சந்துக்குள் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. அவர் முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு வாசலிலும் அவரே பேசினார். "நான்தான் வித்தேன். அது நல்லதில்ல. இவ எம் பொஞ்சாதி, தோல் டாக்டர்ட்ட வேல பாக்கா, தலைய ஒருக்கா பாப்பா." ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

பதினாலு வீடு. ஒன்பது பாட்டில். இரண்டு பெண்களுக்குத் தலையில் புண். புதன்கிழமை வரச் சொல்லி கிளினிக் நேரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வீட்டில் அவல் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். அவர் தட்டவில்லை. சோப்புக் கட்டியை நிலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

அடுத்த ஞாயிறு கோயில் தெரு. எந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்கலாம் என்று என்னைக் கேட்டார்.